அரசுக் காப்பகமா, ஆய்வு நூலகமா, புராஜெக்ட் வேலையா, மரபு நடையா? ஆவணத் துறைக்கு வருகிறவர்களுக்கு ஒரு ஒப்பீடு

வரலாறு எம்.ஏ. முடித்தவர்கள், நூலக அறிவியல் படித்தவர்கள், ஐ.டி. வேலையில் சில வருடம் இருந்துவிட்டு மனசு கேட்காமல் பழைய காகிதத்தின் பக்கம் திரும்பியவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஆவணக் காப்பகத் துறைக்கு வரவேண்டும், எங்கே சேர்ந்தால் நல்லது? உடனே பதில் சொல்ல வருவதில்லை. கேட்கிறவருக்கு வீட்டில் கடன் இருக்கிறதா, சென்னையில் தங்க இடம் இருக்கிறதா, அரசுத் தேர்வுக்கான வயது வரம்பு நெருங்குகிறதா என்று எதுவும் தெரியாமல் யோசனை சொல்வது சரியில்லை. அதனால் தமிழ்நாட்டில் இன்றைக்கு இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பார்க்கிறேன். ஆய்வு நூலகத்திலும் மின்னாக்கத் திட்டங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். அரசுக் காப்பகத்தை வாசகராகவும் அங்கே வேலை செய்யும் நண்பர்கள் மூலமாகவும் தெரியும். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தையும் ஊரையும் எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தொழிலில் ஒருவர் வளர்ந்திருக்கிறாரா என்பது, ஒரு தொகுப்பை அவர் எவ்வளவு ஆழமாகத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. கள்ளுக்கடை மறியல் பற்றி ஆராய வந்த ஒருவர் 'மதுவிலக்கு' என்ற தலைப்பில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். ஆப்காரி, அதாவது மதுவரி விவகாரங்கள் வருவாய் வாரியத்தின் 'செபரேட் ரெவின்யூ' பிரிவில் போய் உட்கார்ந்திருக்கும் என்பதை அங்கே நெடுநாள் இருந்த ஒருவர்தான் சொல்லுவார். அந்த அறிவு பட்டியலில் கிடையாது, ஆளிடம் இருக்கிறது, அந்த ஆள் அங்கேயே இருந்தால்தான் வாசகருக்குக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் மூன்று கேள்விகளோடு பார்க்கிறேன்: ஒரு தொகுப்போடு எவ்வளவு காலம் இருக்க விடுவார்கள், பக்கத்தில் கற்றுக்கொடுக்க ஆள் உண்டா, தொடர்ந்து இருக்கிற அளவுக்குச் சம்பளம் வருமா.

அரசுக் காப்பகத்திலிருந்து தொடங்கலாம். எழும்பூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் கட்டடம், 1909-ல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கி, 1973-ல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர் மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தின் 1670 முதலான பதிவுகள், கொச்சியிலிருந்து வந்த டச்சுக் கம்பெனிப் பதிவுகள், அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள் என்று தென்னிந்திய வரலாறு எழுதுகிற யாரும் தவிர்க்க முடியாத இடம். எந்தத் தனியார் நிறுவனமும் இந்த அளவுக்குப் பக்கத்தில் வராது.

அங்கே ஆராய்ச்சியாளர்கள் மட்டும் வருவதில்லை. ஏதோ ஒரு மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வக்கீல் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது இனாம் ஃபேர் ரிஜிஸ்டரின் நகல். மதராஸ் மாகாணத்தில் 1858-ல் அமைத்த இனாம் கமிஷன், ஊர் ஊராக இனாம் நிலங்களை, அதாவது வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விட்டுக்கொடுத்த நிலங்களை விசாரித்து எழுதி வைத்த பதிவேடு அது. இந்த நிலம் இன்ன கோயிலில் விளக்கெரிக்கக் கொடுத்தது, இன்ன சத்திரத்துக்குக் கொடுத்தது, இன்னாருக்கு இன்ன ஊழியத்துக்காகக் கொடுத்தது என்று அந்தக் காலத்து ஆங்கிலக் கையெழுத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய அந்த வரியை வைத்து இன்றைக்கும் கோயில் நில வழக்குகளில் வாதாடுகிறார்கள். ஊர்ப்பெயர் பழைய எழுத்துக்கூட்டலில் வேறு மாதிரி இருக்கும், தாலுகா மாறியிருக்கும், ஜில்லாவே மாறியிருக்கும்; சரியான தொகுதியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொடுக்கிற ஊழியரின் வேலை ஒரு குடும்பத்தின் சொத்தைத் தொடுகிற வேலை. பொதுச் சேவை என்பதை இவ்வளவு நேரடியாக உணர்கிற இடம் இந்தத் துறையில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

அங்கேயே நிலைத்திருந்து என்ன செய்ய முடியும் என்பதற்குப் பழைய உதாரணங்கள் உண்டு. தொடக்க காலத்தில் காப்பாளராக இருந்த ஹென்றி டாட்வெல் இங்கே பதிவுகளை ஒழுங்குபடுத்திப் பதிப்பித்த அனுபவத்தோடு 1922-ல் லண்டனில் கீழை ஆய்வுகளுக்கான கல்லூரியில் பேராசிரியராகப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பி.எஸ். பாலிகா 1930களில் பொறுப்பேற்று 1958-ல் இறக்கும் வரை இருந்தவர். மாவட்ட விவரச்சுவடிகளை (கெசட்டியர்களை) புதிதாக எழுதும் வேலையை ஆரம்பித்தவரும் அவர்தான். இருபது வருடத்துக்கு மேல் ஒரே பதிவறையில் இருந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

இன்றைக்கு அப்படி இருக்க முடியுமா என்பதுதான் சிக்கல். ஆணையர் பொறுப்புக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் வருவதும் மாறிப்போவதும் வழக்கம். உள்ளே சேர்கிறவர்களில் பலர் தேர்வாணையம் வழியாக அமைச்சுப் பணியில், அதாவது அலுவலக எழுத்தர் வேலையில் வருகிறவர்கள். ஆவணத்தில் ஆர்வம் இருந்ததால் இங்கே போட்டார்கள் என்று சொல்ல முடியாது. நீங்கள் ஆர்வத்தோடு போனாலும் முதல் சில வருடங்கள் தபால் பிரிவிலோ பணியமைப்புப் பிரிவிலோ கழியலாம். பதவி உயர்வு பணிமூப்பின்படிதான், நீங்கள் எத்தனை தொகுதிக்குப் பட்டியல் போட்டீர்கள் என்பது அதில் வராது. உங்கள் வேலையில் பார்த்த ஆவணத்தைப் பற்றி வெளியில் எழுத அனுமதி வாங்க வேண்டியிருக்கும். காலியிட அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பது ஆபத்து.

ஆனால் சம்பளம் மாதா மாதம் வரும். இதை அலட்சியமாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வாடகை கட்ட வேண்டிய தேவை இல்லாதவர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். மானியத்தில் ஓடுகிற ஒரு மின்னாக்கத் திட்டத்தின் மொத்த ஆயுளே சில சமயம் அவ்வளவுதான். இந்தத் துறையில் திறமையான பெண்கள் பலர் முப்பது வயதை ஒட்டி விலகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆர்வம் குறைந்து போனவர்கள் இல்லை அவர்கள். பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பி வர அவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கவில்லை.

மத்திய அரசுப் பக்கம் புது டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, 1891-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அதற்குப் புதுச்சேரியில் ஒரு பதிவு மையமும் உண்டு. அங்கே ஆவணக் காப்பாளர் பணிகளுக்குப் பொதுவாக நவீன இந்திய வரலாறு படித்த முதுகலைப் பட்டமும் ஆவணவியல் டிப்ளமோவும் கேட்பார்கள். அந்த டிப்ளமோவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி ஆய்வு நூலகங்கள். என் சாய்வு இங்கேதான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்கள், இதழ்கள், நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்து, 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக ஆனது எல்லோருக்கும் தெரிந்த கதை. உ.வே.சா. நூலகம் 1943 முதல் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இருக்கிறது, அதன் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. புதுக்கோட்டை ஞானாலயா போலத் தனி மனிதர்கள் வீட்டோடு வைத்துக் காப்பாற்றுகிற நூலகங்களும் உண்டு.

இந்த மாதிரி இடத்தில் ஆட்கள் குறைவு, அதனால் எல்லா வேலையும் உங்கள் கைக்கு வரும். காலையில் பூச்சி அரித்த பக்கத்துக்கு டிஷ்யூ காகிதம் ஒட்டுவதைப் பார்க்கலாம், மத்தியானம் பட்டியல் போடலாம், சாயங்காலம் வாசகருக்குப் புத்தகம் தேடிக் கொடுக்கலாம், அடுத்த மாதக் கண்காட்சிக்குக் குறிப்பு எழுதலாம். பெரிய நிறுவனத்தில் இவை நாலு பிரிவு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எட்டிப் பார்க்கவே அனுமதி வேண்டும்.

பட்டியல் போடுவது என்றால் தட்டச்சு வேலை என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாடக நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் காகிதம், கம்பெனி பெயர் இருக்கிறது, நாடகத்தின் பெயர் இருக்கிறது, 'சனிக்கிழமை 14-ந் தேதி' என்று இருக்கிறது, வருடம் இல்லை. அதைப் போட்டவனுக்கு வருடம் தேவைப்படவில்லை, அடுத்த வாரம் குப்பைக்குப் போகிற காகிதம்தானே. நமக்குத்தான் வேண்டும். டிக்கெட் விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அப்போதுதான் நயா பைசா வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அணாக் கணக்கு புழக்கத்தில் இருந்ததால் அதை மட்டும் நம்பி எழுதிவிடக் கூடாது. தமிழ் வருடப் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது, பாதிதான். அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருமே, பிரபவ என்றால் 1867-ல் தொடங்கியதா, 1927-ல் தொடங்கியதா? அச்சகத்தின் பெயர், விலாசம், நடிகர் பட்டியலில் அப்போது சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர் யார், மின்சார விளக்கு உண்டு என்று விளம்பரம் செய்திருக்கிறார்களா, இதையெல்லாம் சேர்த்து, கடைசியில் எந்தெந்த வருடத்தில் 14-ந் தேதி சனிக்கிழமையில் வந்தது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டி, அடைப்புக்குறிக்குள் 'சுமார் 1930களின் முற்பகுதி' என்று எழுதுவோம். ஏன் அப்படி எழுதினோம் என்பதைக் குறிப்புக் கட்டத்தில் போட்டு வைப்போம், நாளைக்கு வேறு ஆதாரம் கிடைத்தால் திருத்துவதற்காக. இதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால்தான் வரும், நான் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் அது எந்த நிறுவனத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

குறை என்ன? சம்பளம் குறைவு, உயர்வு மெதுவு. ஐந்து வருடத்துக்குப் பிறகு மேலே போக இடம் இருக்காது, ஏனென்றால் மேலே இருப்பது இரண்டு நாற்காலி, அதில் உட்கார்ந்திருப்பவர்கள் போக மாட்டார்கள், போகவும் வேண்டியதில்லை, அவர்கள் இருப்பதால்தான் அந்த நூலகம் இருக்கிறது. பணம் எங்கிருந்து வரும் என்ற கவலை நிறுவனத்துக்கு எப்போதும் உண்டு, அந்தக் கவலை உங்கள் மேசை வரைக்கும் வரும். நீங்கள் செய்ய வேண்டிய பட்டியலை நிறுத்திவிட்டு மானிய விண்ணப்பம் எழுத உட்கார வேண்டியிருக்கும். அதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான், ஆனால் முதல் வருடத்திலேயே அது மட்டும் உங்கள் வேலையாகிவிட்டால் அங்கே இருக்காதீர்கள்.

மூன்றாவது, திட்ட வேலை. எல்லோரும் புராஜெக்ட் என்றுதான் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்துகிற அழியும் ஆவணங்களுக்கான திட்டம் தமிழ்நாட்டில் பல வேலைகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. கிராமப் பஞ்சாயத்துகளின் தீர்ப்புக் காகிதங்கள், வேளாண் குடும்பங்களின் ஆவணங்கள், பழைய ஸ்டுடியோப் புகைப்படங்கள் என்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதில் செய்த வேலைகள் முக்கியமானவை. மூலம் நாட்டை விட்டு வெளியே போகாது, மின்படி மட்டும் எடுக்கப்படும், யாரும் பார்க்கலாம் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. மாநில அரசின் பக்கம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

மின்படியின் மதிப்பை இலங்கைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்றைக்கு ஈழத்து நூல், இதழ், பிரசுரம் எல்லாவற்றையும் திறந்த முறையில் வலையேற்றிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது. பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிற, 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம் போல அதுவும் தன்னார்வலர்களால் எழுந்தது. சம்பளம் வராது, ஆனால் தொடங்குகிறவர்கள் கை பழகுவதற்கு இவை நல்ல இடம். வெளியூரில் இருப்பவர்களும் செய்யலாம்.

சம்பளம் தருகிற திட்டங்களுக்குத் திரும்புவோம். இங்கே தொழில்நுட்பம் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். கேமராவை எந்த உயரத்தில் வைப்பது, வண்ண அட்டையை எந்த ஓரத்தில் வைப்பது, தையல் இறுகிய புத்தகத்தை எவ்வளவு திறந்தால் முதுகு உடையாது, கோப்புக்குப் பெயர் எப்படி வைத்தால் பத்து வருடம் கழித்து வேறு ஒருவருக்குப் புரியும், இதெல்லாம் செய்து செய்துதான் வரும். ஊர் ஊராகப் போய்ப் பரண் மேல் இருக்கிற பெட்டியை இறக்கித் தரும்படி ஒரு குடும்பத்திடம் கேட்கிற பக்குவமும் வரும். முதல் நாள் 'ஒன்றும் இல்லையே' என்று சொல்கிற வீட்டில் மூன்றாவது தடவை போகும்போது காபியோடு கட்டு வெளியே வரும்.

ஆனால் ஒப்பந்தம் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. அந்த ஊர்க் கணக்குப்பிள்ளையின் கையெழுத்து உங்களுக்குப் பழகி, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் என்ன வழக்கு என்று பிடிபடுகிற நேரத்தில் திட்டம் முடிந்துவிடும். நீங்கள் அடுத்த திட்டத்துக்குப் போவீர்கள், அங்கே மறுபடியும் முதலிலிருந்து. நீங்கள் கற்றது எழுத்தில் ஏறாமல் உங்களோடு போய்விடும். இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன், ஆளுக்கும் இழப்பு, ஆவணத்துக்கும் இழப்பு. இன்னொன்று, பல இடங்களில் ஒரு நாளைக்கு எத்தனை படம் என்பதுதான் கணக்கு. படம் எடுக்கிற ஆளுக்கு விவரம் எழுத நேரம் ஒதுக்காத திட்டம் கடைசியில் யாராலும் தேட முடியாத பல ஆயிரம் படங்களைத்தான் விட்டுப்போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேளுங்கள்: விவரணைக்குத் தனியாக மாதம் ஒதுக்கியிருக்கிறீர்களா, பட்டியலில் என் பெயர் வருமா, திட்டம் முடிந்த பிறகு கோப்புகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? பதில் தெளிவாக வந்தால் தாராளமாகச் சேரலாம்.

நான்காவது வழியில் இப்போது கூட்டம் அதிகம். மரபு நடை (பழைய இடங்களுக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போய் வரலாறு சொல்வது), அருங்காட்சியகம், வாய்மொழி வரலாறு, சமூக ஊடகத்தில் வரலாறு. சென்னை தினக் கொண்டாட்டம் 2004-ல் எஸ். முத்தையா உள்ளிட்ட சில பத்திரிகையாளர்களின் முயற்சியில் தொடங்கியது. அதன் பிறகு நகர வரலாறு கேட்க ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆட்கள் வருகிற நிலை உருவாகியிருக்கிறது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்ததிலிருந்து விடுமுறை நாளில் அங்கே போய்ப் பாருங்கள், குடும்பம் குடும்பமாக வந்து ஒவ்வொரு பானை ஓட்டின் முன்னாலும் நின்று படிக்கிறார்கள். அந்தக் காட்சிக் குறிப்பை எழுதுகிற வேலை எவ்வளவு பொறுப்பானது என்று அங்கே நின்றால் தெரியும்.

இந்த வழியின் பெரிய பலம், நீங்கள் சொல்வதை அந்த வரலாற்றுக்குச் சொந்தக்காரர்களே கேட்டுத் திருத்துவார்கள் என்பது. வடசென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் துணி ஆலை பற்றிப் பேசப் போனால் கூட்டத்தில் அங்கே வேலை பார்த்தவர் ஒருவராவது இருப்பார். 1918-ல் அமைந்த மதராஸ் தொழிலாளர் சங்கம், 1921 வேலைநிறுத்தம், அதையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த சாதிக் கலவரம் என்று நான் காகிதத்தில் படித்ததைச் சொல்வேன். அவர் தன் தாத்தா காலத்தில் எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் பேச்சு நின்றுபோனது என்று சொல்வார். அரசின் பதிவில் போலீஸ் எழுதியது இருக்கும், அதில் தெருக்காரர் குரல் இருக்காது. தெருக்காரர் நினைவில் தேதிகள் குழம்பியிருக்கும், ஆனால் யார் வீட்டில் யார் ஒளிந்தார்கள் என்பது குழம்பியிருக்காது. இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரிந்தவர்தான் பொது வரலாற்றுக்கு வேண்டியவர், அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் மிகக் குறைவு.

குறைவாக இருப்பதற்குக் காரணம் இந்த வழியில் நேராக நுழைகிறவர்கள் ஆவண அறைக்குள் இருந்து பழகியதில்லை. ஒருவர் சொன்ன சுவாரசியமான கதையை அடுத்தவர் சொல்கிறார், அவரிடமிருந்து இன்னொருவர், மூலம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வருமானமும் நிலையில்லாதது: சென்னை தினம் வருகிற ஆகஸ்டில் தினமும் கூப்பிடுவார்கள், மே மாதம் வெயிலில் யாரும் நடக்க மாட்டார்கள். அருங்காட்சியக வேலைகள் வடிவமைப்பு நிறுவனங்கள் டெண்டர் எடுத்துச் செய்வதாக இருக்கும், ஆய்வு செய்கிறவர் அதில் துணை ஒப்பந்தக்காரர். வாய்மொழிப் பதிவு செய்கிறவர்கள் கூலி பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் ஏற்ற ஐந்தாறு மணி நேரம் ஆகும், வட்டார வழக்கும் பின்னணியில் டி.வி. சத்தமும் இருந்தால் இன்னும் கூடும். பதிவு செய்த நேரத்துக்கு மட்டும் பணம் வாங்கினால் கட்டுப்படியாகாது. பேசியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவதும், எதை வெளியிட வேண்டாம் என்று அவர் சொன்னதைக் குறித்து வைப்பதும் உங்கள் பொறுப்பு.

நிறுவனக் காப்பகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கின்றன. புனேயில் ரிசர்வ் வங்கிக் காப்பகமும் டாட்டா மத்தியக் காப்பகமும், மும்பையில் கோத்ரேஜ் காப்பகம், பெங்களூரில் உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்.-ஸில் 2019-ல் திறந்த அறிவியல் காப்பகம். சம்பளமும் வசதியும் நன்றாக இருக்கும், தட்பவெப்பம் சீராக வைத்த அறை, நல்ல மென்பொருள், முறைப்படி வேலை. கம்பெனிக் காப்பகத்தில் எதைத் திறந்து காட்டலாம் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும், அது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர் காப்பகம் அந்த விஷயத்தில் வித்தியாசமானது, மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் அக்கறை காட்டுகிற இடம்.

முனைவர் பட்டமா என்று கேட்பவர்களுக்கு: உங்களை விடாமல் துரத்துகிற ஒரு கேள்வி இருந்தால் செய்யுங்கள். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக ஐந்து வருடம் அதில் போட வேண்டாம். வெளிநாட்டில் ஆவணவியல் முதுகலை படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் போல 1947 முதல் இதைச் சொல்லிக்கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. மின்னணுப் பதிவுகளைக் காப்பது, சர்வதேச விவரணைத் தரங்கள் இவற்றில் அங்கே கிடைக்கிற பயிற்சி இங்கே கிடைக்காது. உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கடன் வாங்கிப் போவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இங்கே திரும்பி வந்து வாங்கும் சம்பளத்தில் அந்தக் கடன் அடையாது, அடைப்பதற்காக வேறு துறைக்குப் போய்விடுவீர்கள்.

அதைவிட, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி நடத்துகிற ஒரு வருட டிப்ளமோ நம்மில் பெரும்பாலோருக்கு நல்ல வழி. 1976-ல் பயிற்சி நிறுவனமாகத் தொடங்கியது. டெல்லியில் ஒரு வருடம் தங்க முடியாதவர்களுக்கு ஆவணப் பராமரிப்பு, பதிவு மேலாண்மை, நகலெடுப்பு என்று சில வாரங்களில் முடிகிற படிப்புகளும் உண்டு. மத்திய அலுவலகங்களில் பழைய பதிவுகளைக் கண்டபடி அழிக்கக் கூடாது, ஒவ்வொரு அலுவலகமும் ஒரு பதிவு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று 1993-ன் பொதுப் பதிவுகள் சட்டம் சொல்கிறது. பதிவு மேலாண்மை தெரிந்தவருக்கு வங்கி, பொதுத்துறை நிறுவனம் என்று வேறு வாசல்களும் திறப்பதற்கு அது ஒரு காரணம்.

சரி, யார் எங்கே போகலாம்? வீட்டுக்கு உடனே பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லாத இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுக்காரராக இருந்தால், யோசிக்காமல் ஏதாவது ஒரு ஆய்வு நூலகத்தில் சேருங்கள், மூன்று வருடமாவது அசையாதீர்கள். அந்த நேரத்திலேயே அரசுத் தேர்வுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். அழைப்பு வந்தால் போங்கள், பட்டியல் போடத் தெரிந்த ஒருவர் அரசுக் காப்பகத்துக்குள் போவது அந்தக் காப்பகத்துக்குக் கிடைக்கிற பெரிய உதவி. வீட்டுச் சுமை இருக்கிறவர்கள் முதலில் நிலையான சம்பளத்தைப் பிடியுங்கள், கல்லூரி நூலகமானாலும் வங்கியின் பதிவுப் பிரிவானாலும் சரி, வார இறுதியில் தன்னார்வத் திட்டத்தில் கை பழகுங்கள். ஐ.டி.யிலிருந்து வருகிறவர்கள் திட்ட வேலையிலிருந்து தொடங்கலாம், கோப்பு அமைப்பும் தரவும் உங்களுக்குக் கைவந்தவை, ஆனால் பழைய கையெழுத்துப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் இரண்டாவது திட்டத்துக்குப் போகாதீர்கள். மரபு நடை நடத்த ஆசைப்படுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டாம், கூடவே ஒரு வாசிப்பறையில் வாரத்துக்கு ஒரு நாளாவது உட்காருங்கள்.

எந்த வழியில் போனாலும் மதிப்பு குறையாத திறமை ஒன்று உண்டு: பழைய தமிழ் எண்களும் பின்னங்களும் படிக்கத் தெரிவது. செட்டிநாட்டுப் பேரேட்டையோ கோயில் கணக்கையோ திறந்தால் முந்திரி, காணி, மா, மாகாணி என்று வரிசையாக நிற்கும். 320-ல் ஒரு பங்கு முந்திரி, 80-ல் ஒரு பங்கு காணி, 20-ல் ஒன்று மா, 16-ல் ஒன்று மாகாணி. வாய்ப்பாடாகச் சொல்கிறவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள், ஆனால் கையெழுத்தில் பார்த்துக் கூட்டிச் சரிபார்க்கத் தெரிந்த இளைஞர்கள் அரிது. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் இருக்கிற ஆவணங்களைப் படிப்பதற்கும், எழும்பூரின் டச்சுப் பதிவுகளைப் படிப்பதற்கும் இதே நிலைதான். இதில் ஒன்றையாவது பிடித்துக்கொண்டவரை எந்த நிறுவனமும் சுலபத்தில் அனுப்பிவிடாது.

விண்ணப்பிப்பதற்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கிற மொய் நோட்டுகள், பத்திரங்கள், கடிதங்கள் உள்ள ஒரே ஒரு பெட்டியை எடுத்து முறையாகப் பட்டியல் போடுங்கள். எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, காலம், பக்க எண்ணிக்கை, மொழி, நிலைமை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, தேதி தெரியாதவற்றுக்கு எப்படி ஊகித்தீர்கள் என்ற குறிப்பு. வீட்டாரிடம் கேட்டு, வெளியாருக்குக் காட்டக் கூடாது என்று அவர்கள் சொல்வதைத் தனியாகக் குறியுங்கள். அந்தப் பட்டியலில் நாலு பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள். ஆள் எடுக்கிற இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், சான்றிதழ்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடுவோம். இந்த நாலு பக்கம் இருந்தால் நேர்காணல் முழுக்க அதைப் பற்றித்தான் பேசுவோம்.